ஏரி நிரம்பும் மாதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏரியோரக் குடியிருப்புகளில் இருந்து வந்தவை. பதில் சொல்கிறவர்கள் ஏரிப் பராமரிப்பிலும் கட்டடப் பணியிலும் நீண்டகாலம் ஈடுபட்ட பொறியாளர்கள்.

எங்கள் வீடு ஏரி எல்லைக்கல்லுக்கு வெளியேதான் இருக்கிறது. பட்டா உண்டு, பிளான் அப்ரூவலும் உண்டு. ஆனாலும் 2015-லும் 2023-லும் ஹாலுக்குள் தண்ணீர் வந்தது. எல்லைக்கு வெளியே இருந்தும் ஏன்?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

எல்லைக்கல் காட்டுவது முழுக் கொள்ளளவு மட்டத்தை, அதாவது ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடக் கட்டிய கலங்கலின் உச்சி மட்டத்தை. அந்த மட்டத்தில் தண்ணீர் கலங்கலைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும், வெளியேறாது. வெளியேற வேண்டுமானால் உச்சிக்கு மேல் ஏற வேண்டும். எவ்வளவு வேகமாக வரத்து இருக்கிறதோ அவ்வளவு உயரம் ஏறும். அந்த உச்சபட்ச வெள்ள மட்டம் பல ஏரிகளில் கலங்கலைவிட 2 முதல் 3 அடி கூடுதல். கரையின் உயரத்தை இந்தக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். எல்லைக்கல்லை மட்டும் பார்த்து வீட்டின் பேஸ்மட்டத்தை முடிவு செய்தால் அந்த 2, 3 அடி நேராக வீட்டுக்குள் வரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50 மீட்டர் நீளமுள்ள கலங்கலில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் விநாடிக்குச் சுமார் 500 கன அடி வெளியேறும். இரண்டடி வழிந்தால் சுமார் 1,400 கன அடி. உயரம் இரட்டித்தால் வெளியேற்றம் ஏறக்குறைய 2.8 மடங்கு. கலங்கல் நீளமாகவும் தடையில்லாமலும் இருந்தால் கொஞ்சம் உயரத்திலேயே பெரிய வெள்ளம் போய்விடும். குப்பை, ஆகாயத்தாமரை, மணல் மூட்டை என்று பாதி நீளம் அடைபட்டால் அதே வெள்ளத்தைக் கடத்த ஏரி கூடுதலாக ஏற வேண்டும், அந்த ஏற்றம் உள்வாயில், அதாவது ஏரியின் நீர் பரவும் பக்கத்தில் இருக்கும் உங்கள் தெருவில் தெரியும். பழைய கலங்கல்களில் நட்டுவைத்த கற்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றுக்கிடையே அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகச் சேமிப்பதற்காக வைத்தவை அவை. நவம்பரிலேயே யாராவது அடைத்திருந்தால் தாமதிக்காமல் நீர்வளத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

உங்கள் பேஸ்மட்டம் கலங்கலைவிட எத்தனை அடி மேலே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஏரி நிறைந்து, காற்றில்லாமல், கலங்கலில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும் நாளில் உங்கள் தெருப்பக்கம் நீர் விளிம்பு எங்கே நிற்கிறதோ அதுவே கலங்கல் மட்டம். அருகிலுள்ள மின்கம்பத்திலோ மதில் சுவரிலோ பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஏரி நிறையும்வரை காத்திருக்க முடியாது என்றால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 15 மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கலங்கல் உச்சியில் தொடங்கி அளவுக்கோல் வைத்துப் படிப்படியாக வீடுவரை மட்டத்தைக் கடத்தி வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏற்ற இறக்கத்தை எழுதிக் கூட்டுங்கள். பிறகு அதே வழியில் திரும்பிப் போய்ச் சரிபாருங்கள். இரண்டு கணக்கும் ஓரிரு அங்குலத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் டியூபில் குமிழி இருந்திருக்கிறது என்று பொருள். பேஸ்மட்டம் கலங்கலைவிட 3 அடிக்கும் குறைவாக உயர்ந்திருந்தால், ஒவ்வொரு பெருமழையிலும் மேல்தளத்துக்குப் போகத் தயாராக இருக்க வேண்டிய வீடு அது.

செம்பரம்பாக்கத்தில் 22 அடி என்று செய்தி வந்தாலே எங்கள் பகுதியில் பொருள்களை மூட்டை கட்டுகிறார்கள். இந்த அடி, கன அடிக் கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?
– வாசகர், முடிச்சூர்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: இப்போதைய இருப்பு, வரத்து, வெளியேற்றம். விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். இருப்பு 3,000 என்றால் மிச்ச இடம் 645. வரத்து 5,000 கன அடியாக இருந்தால் அது நிரம்ப ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகும். வரத்து 20,000 ஆனால் 9 மணி நேரம்தான். ஆகவே அடியைவிட வரத்தைக் கவனியுங்கள். 22 அடியும் சில நூறு கன அடி வரத்தும் என்றால் பதற்றம் வேண்டாம். 21 அடியே இருந்தாலும் வரத்து மணிக்கு மணி பெருகினால் இரவுக்கு முன்பே கிளம்பத் தயாராகுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று இந்த ஏரியிலிருந்து வெளியேற்றம் 29,000 கன அடிவரை போனது. 2020-இல் நிவர் புயலின்போது 22 அடியிலேயே திறந்து, 1,000 கன அடியில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினார்கள்.

உங்கள் ஊர் விஷயம் வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்கள் அஞ்ச வேண்டியது அந்தத் தண்ணீருக்கு. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சேர்மானத்துக்கு மேலே இருக்கின்றன. உங்களுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். அந்த ஏரிகள் டிவி செய்தியில் அடிக்கடி வருவதில்லை. அவற்றின் கலங்கல்களை நேரில் பார்த்துச் சொல்ல ஊருக்கு இரண்டு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு இருந்தால் செம்பரம்பாக்கம் எண்ணைவிட அதிகம் உதவும். கீழே அடையாறு நிரம்பி ஓடும் நாளில் உங்கள் பகுதித் தண்ணீர் வடிவதும் தாமதமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு குளத்தங்கரைக்குக் கீழே, பின்கரை ஓரம். குளம் பெருகினால் கரையடியில் தண்ணீர் ஊறுகிறது. எது சாதாரணம், எது ஆபத்து?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்

மண் கரையில் கொஞ்சம் கசிவு இயல்பு. தெளிந்த தண்ணீராக, ஒரே அளவில் ஊறினால் இடத்தைக் குறித்துவைத்துத் தினம் இருமுறை பாருங்கள். கலங்கலாக வந்தாலோ, ஊற்றைச் சுற்றிப் பொடிமண் சிறு வட்டமாகக் குவிந்தாலோ கரையின் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது. உள்ளே உருவாகும் துளை நீர்ப்பக்கத்தை எட்டியதும் சில மணி நேரத்தில் கரை போய்விடும். நீர்ப்பக்கத்தில் சுழி, கரையின் மேல் நீளவாக்கில் வெடிப்பு, பின்சரிவில் மண் தொங்கி இறங்குவது, நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் இருந்த இடம் ஆகியவற்றையும் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று கலங்கிய நீர்க் கசிவோடு சேர்ந்தால் கீழ்ப்பகுதி மக்களை உடனே நகர்த்த வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.

ஊற்றைக் களிமண்ணோ சாக்கோ வைத்து அடைக்கக் கூடாது. எல்லா ஊரிலும் முதலில் செய்வது இதுதான், கேடும் இதுதான். அடைத்த தண்ணீர் பக்கத்தில் வேறோர் இடத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். ஊற்றின் மேல் முதலில் ஆற்று மணல் அரையடி, அதன்மேல் சிறுஜல்லி அரையடி, அதற்குமேல் முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குல ஜல்லி என்று அடுக்குங்கள். மணல் நிற்காமல் தள்ளிக்கொண்டு வந்தால் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்றுச் சுவர்போல் வட்டம் கட்டுங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற எதிர் அழுத்தம் கூடும். தெளிந்த நீர் வரத் தொடங்கும் உயரத்தில் நிறுத்தி, வழிந்தோட ஒரு குழாய் வையுங்கள். அதற்குமேல் உயர்த்தினால் மறுபடி பக்கத்தில் பீறிடும். கரைமேல் லாரியோ ஜேசிபியோ ஏற்றவிடாதீர்கள். மூட்டைகளை ஆள்வரிசையாகக் கைமாற்றிக் கொண்டுவருவது நல்லது.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட மழையில் எந்தக் கலங்கலும் போதாது, தண்ணீர் கரைமேல் வழியும். மேலே வழியும் கரையைக் காப்பாற்ற முயலாமல் ஆள்களைக் காப்பாற்றுவதே சரி. தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளம் அந்த வெள்ளத்தில்தான் உடைந்தது.

மழைக்கு முன் சம்ப்பைச் சுத்தம் செய்து காலியாக வைத்திருந்தோம். வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் சம்ப் ஒரு பக்கம் அரையடி தூக்கி, குழாய்கள் முறிந்திருக்கின்றன. கட்டியவர் மீது தவறா?
– வாசகர், வேளச்சேரி

கட்டியவர் மீது பெரும்பாலும் தவறில்லை. காலியாக வைத்ததே காரணம். 10 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி ஆழம் கொண்ட கான்கிரீட் சம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பி நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டால் அது மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 13.9 டன். 6 அங்குலச் சுவரும் அடித்தளமும் 5 அங்குல மூடியும் சேர்ந்து எடை சுமார் 11.8 டன்தான். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் ஊறிப்போனால் தளரும், சம்ப் படகுபோல் எழும். அதே சம்ப்பில் பாதி தண்ணீர் இருந்தால் கூடுதலாக 5 டன், எழும்பாது. அக்டோபர் தொடங்கி ஜனவரிவரை சம்ப்பை முழுதாக நிரப்பியே வையுங்கள். வெள்ளநீர் உள்ளே புகுந்திருந்தாலும் உடனே இறைக்காதீர்கள். பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் சம்ப் ஆழத்தில் பாதிக்குக் கீழே இறங்கியபின் இறைத்துக் கழுவலாம். தரைக்கடியில் புதைத்த பிளாஸ்டிக் டேங்க் இன்னும் சுலபமாக எழும்.

செப்டிக் டேங்குக்கும் இதே விதிதான். தண்ணீர் தேங்கிய நாளில் லாரி வைத்து முழுக்க உறிஞ்சவே கூடாது.

ஏரி ஏறினால் கழிப்பறையில் தண்ணீர் போகாமல் மேலே வருகிறது.
– வாசகி, போரூர்

உங்கள் உறிஞ்சுகுழி நிலத்தடி நீருக்குள் மூழ்கிவிட்டது, உறிஞ்ச இடமில்லை. அந்த நாள்களில் குளியல், சமையல் நீரைச் செப்டிக் டேங்குக்குள் விடாதீர்கள். கழிப்பறைக்கு அளந்து ஊற்றுங்கள். வெள்ளம் தெருவில் இருக்கும்போது தரைத்தளக் கோப்பையில் பாலித்தீன் பைக்குள் மணல் நிரப்பி அமுக்கி வையுங்கள், குளியலறை வடிகால் துளையிலும் அப்படியே. நிரந்தரத் தீர்வு, வீட்டிலிருந்து வெளியே போகும் 4 அங்குலக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே விட்டுத் திரும்ப உள்ளே வரவிடாத மடல். அதைச் சேம்பருக்குள், கை எட்டும்படி பொருத்த வேண்டும், வருடம் ஒருமுறை திறந்து மடலில் சிக்கியதைக் கழுவ வேண்டும். புதைத்துவிட்ட வால்வு இரண்டாம் வருடம் பாதி திறந்தபடி நின்றுவிடும். நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் வரும் இடங்களில் குழி தோண்டி உறிஞ்சவிடுவதே ஒத்துவராது. தரைக்குமேல் மண்மேடு எழுப்பி அதில் துளைக்குழாய் பரப்பும் முறையைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

அப்பார்ட்மென்ட் கேட்டை மணல் மூட்டையால் அடைக்க எத்தனை மூட்டை வேண்டும்? கீழ்த்தள கார் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றால் எவ்வளவு வேகமாக இறைக்கலாம்?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், பள்ளிக்கரணை

12 அடி கேட்டுக்கு ஒன்றரை அடி உயரம் கட்ட 80 மூட்டைக்குமேல் வேண்டும். அடிப்பக்கத்து அகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு இல்லாவிட்டால் சரிந்துவிடும், அதனால்தான் இவ்வளவு. சாக்கைப் பாதிக்குக் கொஞ்சம் மேல்வரை மட்டும் நிரப்பித் தளரக் கட்டுங்கள். விம்ம நிரப்பிய மூட்டைகளுக்கிடையே இடைவெளி விழும். செங்கல் வரிசைபோல் மூட்டு மாற்றி வைத்து ஒவ்வொரு வரிசையையும் மிதித்து இறுக்குங்கள். தண்ணீர்ப்பக்கம் தடித்த பாலித்தீன் விரிப்பைத் தரையில் ஓரடி நீட்டி, முதல் வரிசை மூட்டையால் அமுக்கிவிடுங்கள்.

2 அடிக்குமேல் தடுக்க முயலாதீர்கள். 10 அடி நீளச் சுவரில் 2 அடித் தண்ணீர் தரும் தள்ளுவிசை சுமார் 570 கிலோ. 4 அடியானால் 2,260 கிலோ. அரைச் செங்கல் அகலத்தில் எழுப்பிய காம்பவுண்டு சுவர் அதைத் தாங்காது, விழும்போது பக்கத்தில் நிற்பவரைக் கொல்லும். 2 அடியைத் தாண்டும் என்று தெரிந்தால் கதவைத் திறந்து உள்ளே விடுவதே கட்டடத்துக்குப் பாதுகாப்பு.

கீழ்த்தளத்தை ஒரே நாளில் வற்றவிடாதீர்கள். வெளியே மண் ஊறி நிற்கும்போது உள்ளே காலியானால் சுவர் உட்புறமாகத் தள்ளப்படும், தரை விரிசல் கண்டு உப்பும். தெருவில் தண்ணீர் வடிந்தபின் தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறக்குங்கள். இரவு நிறுத்திவிட்டு ஒரு கோடு போட்டுவையுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மண்ணில் இன்னும் அழுத்தம் இருக்கிறது, ஒரு நாள் பொறுங்கள். இறைக்கும் ஜெனரேட்டர் திறந்த வெளியில் இருக்கட்டும், அதன் புகை மூடிய தளத்தில் உயிரைப் பறிக்கும். மூழ்கிய காரின் சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம். மீட்டர் போர்டு நனைந்திருந்தால் தொடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?
– வாசகி, மதுராந்தகம்

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். வட்டக் கிணறானால் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 22-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது லிட்டர். 6 அடி விட்டம், 12 அடி தண்ணீர் என்றால் 9,504 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம், ஆக இதற்கு ஏறத்தாழ 1.9 கிலோ. கடையில் கிடைக்கும் பவுடரில் குளோரின் 25 சதம் என்று வைத்த கணக்கு இது. திறந்து பல மாதமான, கட்டிதட்டிய பவுடரில் அதுவும் இருக்காது, வாங்காதீர்கள்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு தண்ணீரைக் கடினமாக்கும். ஒரு இரவு முழுக்க விட்டு, மறுநாள் வாடை போகும்வரை இறையுங்கள், அந்தத் தண்ணீரைக் குளத்திலோ செடியிலோ விட வேண்டாம். உறைக்கிணறாக இருந்தால் அடிவரை வற்ற இறைக்காதீர்கள், சுற்று மண் ஈரமாக இருக்கும்வரை உறை உள்ளே சரியும் வாய்ப்புண்டு. பிறகு அன்றாடம் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், இந்தக் கிணற்றுக்கு 24 கிராம். போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் செப்டிக் டேங்க் மூழ்கிக் கிடக்கும்வரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

வீராணம் நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் தண்ணீர் திறந்ததில் சம்பா பயிர் மூன்று நாளாக மூழ்கியிருக்கிறது.
– விவசாயி, காட்டுமன்னார்கோயில் வட்டம்

பயிரின் நுனியாவது வெளியே தெரியும்படி முதலில் வடிகாலை வெட்டுங்கள். தண்ணீர் நிற்கும்போது உரம் போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். வடிந்து, குருத்துப் பச்சையாக இருந்தால் பயிர் மீளும். ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள். பிறகு மேலுரமாக 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வடியும் முன்பே போட்டோ எடுத்து, வேளாண் உதவி அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஏரிக்கு அருகே மனை வாங்கப்போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திருநின்றவூர்

வில்லங்கச் சான்றும் பட்டாவும் மட்டும் போதாது. அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணின் நில வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். உட்பிரிவுக்கு முந்தைய மூல எண்ணையும் நான்கு பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று எங்காவது வந்தால் கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொடருங்கள். அது உங்கள் மனைக்கருகே வந்து காணாமல் போயிருந்தால் மனைக்கடியில்தான் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமையைத் தரா. நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிக்குள் கட்டியதை 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அகற்ற முடியும்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்தி, மழைக்காலத்துக்கு அடுத்து எடுத்தவற்றைப் பாருங்கள். மனைப்பிரிவு வருவதற்கு முன் அங்கே நாணலும் நீரும் தெரிந்தால் விற்பவர் சொல்லும் வேறெதையும் கேட்கத் தேவையில்லை. முன்பணத்தை டிசம்பர்வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலை மனைக்குப் போய், சுற்று வீடுகளின் மதிலில் உள்ள நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு வாருங்கள்.